மாமாவின் கடைவாய்ப் பல்லும் என் கேஸ் நாசிலும்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகளும் சௌக்கியம். அங்கே நீங்களும் அத்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள், உங்கள் வாயில் மிச்சமிருக்கும் பற்களும் ஒன்றுக்கொன்று ஒத்துழைத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். எங்களிடம் வந்து சேர்ந்த உங்கள் கடைவாய்ப் பல்லும் நலமே. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால், "போன்ல சொன்னா அது காத்தோட போயிடும் மாப்பிள்ளை. கையெழுத்துப் போட்டு, படத்தோட, எழுத்துல குடுங்க. அந்த ஆள் மூஞ்சிக்கு நேரா நீட்டணும்" என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். அந்த ஆள் என்று நீங்கள் சொல்வது உங்கள் பல் டாக்டரைத்தான் என்பதும், சமீபகாலம் வரை தினமும் காலையில் உங்களோடு பூங்காவைச் சுற்றி நடந்த உயிர்த்தோழர் அவர் என்பதும், "விரிசல் விட்டிருக்கு, எடுத்தே ஆகணும்" என்று அவர் அந்தப் பல்லைப் பிடுங்கிய நாளிலிருந்து நீங்கள் இருவரும் பூங்காவை எதிரெதிர்த் திசையில் சுற்றுகிறீர்கள் என்பதும் அத்தை சொல்லித் தெரியும். எதிரெதிரே சுற்றினால் அடிக்கடி முகத்துக்கு முகம் பார்க்க வேண்டிவரும், ஒரே திசையில் முன்னும் பின்னுமாக நடந்தால் அந்தச் சங்கடம் இருக்காது என்று ஒரு இஞ்சினியராக உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். சொன்னால் கோபப்படுவீர்கள் என்று அத்தை தடுத்துவிட்டார்.

நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் காத்திருக்கப் பிடிக்காது. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். உங்கள் பல்லில் விரிசல் இல்லை. படம் இணைத்திருக்கிறேன். மழை பெய்து ஓய்ந்த பாறை மாதிரி அவ்வளவு சுத்தமாக, முழுசாக இருக்கிறது பாருங்கள். அதைவிட நல்ல செய்தி, உங்கள் பல்லால் நானும் ஜெயித்துவிட்டேன். எப்படி என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை என்னவென்று உங்களுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். உங்களுக்குப் புரியாமல் போனதில் தவறு என்னுடையதுதான். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி விளக்கினேன். போன தடவை நீங்கள் வந்திருந்தபோது பக்கத்து வீட்டுக்காரரிடம் என்னை, "மாப்பிள்ளை காத்து ஊதுற வேலை பாக்கறாரு" என்று அறிமுகப்படுத்திவிட்டுப் போனீர்கள். அவர் மறுநாள் காலை காற்றுப் போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றார். நான் மறுக்கவும் முடியாமல், பம்ப்பை இரவல் வாங்கி அடித்துக் கொடுத்தேன். அதிலிருந்து அவர் மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மரியாதையாகத் தலையசைக்கிறார். உண்மையைச் சொன்னால், என் ஆராய்ச்சி வாழ்க்கையில் முதல் முயற்சியிலேயே சரியாக ஊதியது அந்தச் சைக்கிள் ஒன்றுதான்.

எங்கள் ஆய்வகத்து மைக்ராஸ்கோப் வெளிச்சத்தால் பார்ப்பதில்லை மாமா, எலக்ட்ரான்களால் பார்க்கிறது. காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு கனத்த உலோகப் பெட்டிக்குள் பொருளை வைத்து, மேலிருந்து எலக்ட்ரான்களை மெல்லிய கற்றையாக அதன்மேல் ஓடவிட்டால், தெறித்து வருவதை வைத்துப் படம் உருவாகும். இரும்பு, செம்பு என்றால் கவலை இல்லை. வந்த எலக்ட்ரான் அதன் வழியாகவே இறங்கிப் போய்விடும். பல், கண்ணாடி, பீங்கான், பூச்சியின் இறக்கை இவற்றிலெல்லாம் மின்சாரம் ஓடாது. வந்த எலக்ட்ரான் போக வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிடும். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் ஒருவரும் கிளம்பாமல், மேலும் மேலும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? கடைசியில் வருகிறவர்களை வாசலிலேயே பிடித்துத் தள்ளத்தான் செய்வார்கள். (இதைப் பொதுவாகச் சொல்கிறேன். போன தடவை நீங்கள் தங்கிவிட்டுப் போனதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.) அப்படித் தள்ளுமுள்ளு நடக்கும்போது படம் வெளுத்துப்போகும், ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், பட்டை பட்டையாகக் கோடு விழும். இதற்கு எல்லோரும் செய்யும் வைத்தியம், பொருளின்மேல் தங்கத்தைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு மெல்லிசாகப் பூசிவிடுவது. தங்கத்தின் வழியாக எலக்ட்ரான்கள் ஓடிவிடும், படம் பளிச்சென்று வரும். ஆனால் பூசியது பூசியதுதான், அந்தப் பொருள் பழையபடி ஆகாது. பூசாமலே பார்ப்பதற்கு வழி கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஊசி போன்ற ஒரு நாசிலைப் பொருளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அதன் வழியாகத் துளியூண்டு நைட்ரஜன் கேஸை விட வேண்டும். எலக்ட்ரான் மோதும்போது அந்த கேஸிலிருந்து நேர்மின் துகள்கள் பிறக்கும். அவை போய், அடம்பிடித்து உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரான்களைச் சமாதானம் செய்துவிடும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! நானும் கேட்டுவிட்டுத்தான் ஏமாந்தேன்.

முதல் நாசிலுக்கு வாய் அகலம். அதை வடிவமைத்தது நான்தான். வாய் அகலமாக இருந்தால் நிறைய வேலை செய்யும் என்று ஏன் நினைத்தேனோ, நம் இரு குடும்பங்களிலும் அதற்கு எதிரான சாட்சிகள் எத்தனையோ இருந்தும் நினைத்தேன். சோதனைக்குப் பீங்கான் பொடியை வைத்து கேஸைத் திறந்தேன். திரையில் பொடி இருந்தது, பிறகு இல்லை. எங்கே போனது என்று தேடினால், பெட்டி முழுக்கப் போயிருந்தது. சுவர், மூலை, இடுக்கு எல்லாவற்றையும் துடைத்து முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. அப்படியும் முழுசாகப் போகவில்லை. அடுத்த அறையில் எஃகு ஆராய்கிறவர் அதே மைக்ராஸ்கோப்பில் தன் எஃகைப் பார்த்துவிட்டு, இதுவரை யாரும் காணாத வெள்ளைத் துகள்களை அதில் கண்டுவிட்டதாகக் கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார். தலைப்பெல்லாம் வைத்தாயிற்று. அவரிடம் போய், "சார், அது நான் ஊதினதுங்க" என்று சொன்னபோது அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆய்வக இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "என்னங்க இது, மைக்ராஸ்கோப்பா மாவு மில்லா?" என்றார். பதில் சொல்லும்படியான கேள்வி இல்லை என்பதால் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன்.

இரண்டாவது நாசிலை ஒல்லியாக, நீளமாகச் செய்தேன். பொருளை ஒட்டி நிற்க வேண்டுமே என்ற அக்கறையில் கொஞ்சம் அதிகமாகவே நீட்டிவிட்டேன் போலிருக்கிறது. பொருள் இருக்கும் மேடையை மேலே ஏற்றினேன். நாசில் வளைந்தது, அலாரம் அலறியது, கட்டடமே எட்டிப்பார்த்தது. வளைந்ததை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனால், லேத் ஓட்டுகிறவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "சார், இது நாசிலா, துணி மாட்டற கொக்கியா?" என்றார். நிமிர்த்தித் தர முடியுமா என்று கேட்டேன். "நிமித்தலாம். ஆனா இதுக்கு மானம் ரோஷம் இருந்தா திரும்ப அங்க வராது" என்று சொல்லி நிமிர்த்தினார், அது உடைந்தது. அவருக்கும் இந்த விஷயத்தில் என்னளவுக்குத்தான் தெரியும் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மூன்றாவது நாசிலின் ஓட்டை மயிரிழை அளவு. அதிலிருந்து கேஸ் நேராக வருகிறதா, சாய்ந்து வருகிறதா, வருகிறதா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும். ஆய்வகத்தில் எல்லோரும் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறையில் வைத்துச் சோதித்தேன். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையில் நாசில், மறுமுனையில் என் வாய். முதலில் டம்ளர் தண்ணீரில் முக்கி ஊதினேன், குமிழி வந்தது. பிறகு மெழுகுவத்தி ஏற்றி, சுடர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று குனிந்து பார்த்து ஊதிக்கொண்டிருந்தேன். உங்கள் மகள் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, நேராகப் போய் அத்தைக்குப் போன் செய்தாள். "அம்மா, இவரு மெழுகுவத்தி ஊதிட்டு இருக்காரும்மா. இல்ல, யாருக்கும் பிறந்தநாள் இல்ல. அணையவும் மாட்டேங்குது, இவரு விடவும் மாட்டேங்கறாரு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் ஊதியதில் என் எச்சில் உள்ளே போய் ஓட்டை அடைத்துக்கொண்டது வேறு விஷயம். அதை ஆய்வகத்தில் யாருக்கும் நான் சொல்லவில்லை; நீங்களும் சொல்ல வேண்டாம்.

நான்காவது நாசில்தான் உருப்படியாக அமைந்தது. ஆனால் ஒரு சாயங்காலம் சிலிண்டரை மூடாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். கேஸ் கசிந்து கசிந்து பெட்டிக்குள் நிறைந்து, காற்றை உறிஞ்சும் பம்ப் முக்கி முனகி, காலையில் இயக்குநர் தன் விருந்தாளியை அழைத்துக்கொண்டு வந்து பெருமையாகப் பொத்தானை அழுத்தியபோது, மைக்ராஸ்கோப் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு படுத்துவிட்டது. "வேலை முடிஞ்சா சிலிண்டரை மூடணும். மூடிட்டுத்தான் கிளம்பணும். புரியுதா?" என்று அவர் சொன்னார். அன்றிலிருந்து நான் சிலிண்டரை மூடாமல் ஒரு டீ குடிக்கக்கூடப் போனதில்லை. அந்த விஷயத்தில் இப்போது என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

இத்தனைக்கும் பிறகுதான் அந்த எச்சரிக்கை வந்தது. வெளியிலிருந்து மூன்று நிபுணர்கள் வருவார்கள், அவர்கள் எதிரில் நாசிலை இயக்கிக் காட்ட வேண்டும். படம் தெளிவாக வந்தால் வேலை தொடரும். வெளுத்தால், "நாசிலை மூட்டை கட்டி வெச்சுட்டு நீங்க பம்ப் பராமரிப்புக்குப் போயிடுங்க" என்றார் இயக்குநர். பம்ப் பராமரிப்பு கௌரவமான வேலைதான். ஆனால் மாமா, வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்குப் போக மனமில்லை. இந்த உலகத்தில் நான் யோசித்து, நான் வரைந்து, நான் கெடுத்து, நானே திருத்தியது என்று இருப்பது அந்த நாசில் ஒன்றுதான். அதைப் பார்த்து யாராவது ஒருவர், நீங்களாக இருந்தால் இன்னும் நல்லது, "பரவாயில்லையே" என்று சொல்லிவிட வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை.

அந்த நேரத்தில்தான் உங்கள் பார்சல் வந்தது. பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பஞ்சு, அதற்குள் பல். சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்த உங்கள் மகள், "அப்பா பல்லை அனுப்பியிருக்காரு" என்று சொல்லி மூடி வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். மறுநாளே நீங்கள் போனில் நிபந்தனைகள் சொன்னீர்கள். "தங்கம் கிங்கம் எதுவும் பூசக் கூடாது. சுரண்டக் கூடாது. எடுத்தது எடுத்தபடி இருக்கணும். இல்லேன்னா அந்த ஆள், மாத்திட்டாங்கன்னு சொல்லித் தப்பிச்சிடுவாரு." எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது மாமா. மின்சாரம் கடத்தாத பொருள், தங்கம் பூசவே கூடாத பொருள், விரிசல் இருக்கிறதா இல்லையா என்று ஒரு மனிதர் தூக்கமில்லாமல் காத்திருக்கும் பொருள். நாசிலைக் காட்ட இதைவிடப் பொருத்தமாக வேறென்ன கிடைக்கும்? நிபுணர்களுக்கு உங்கள் பல்லையே காட்டுவது என்று முடிவெடுத்தேன். முன்கூட்டியே உங்களிடம் கேட்காததற்கு மன்னிக்கவும். நீங்கள் மறுத்துவிட்டால் என்னிடம் இருப்பவை என் பற்கள்தான்.

நிபுணர்கள் வரவிருந்த நாள் காலை பல்லை நன்றாகக் கழுவி, காய வைத்து, சின்ன உலோகத் தட்டில் படுக்கவைத்து ஒட்டினேன். என் மேசையைத் துடைக்க ஆட்கள் வந்ததால், அவர்கள் கைபட்டுத் தொலைந்துவிடக் கூடாதே என்று, எதிர் அறை வாசலில் இருந்த வெள்ளைத் தட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, சட்டை மாற்றப் போனேன். திரும்பி வந்து எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது லேசாக மஞ்சள் தட்டியது. உங்கள் தேநீர்ப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். நிபுணர்கள் வந்தார்கள். நாசிலை நகர்த்தினேன். கேஸ் அளவைத் திருகினேன். திரையில் எண் சரியாக ஏறியது. எலக்ட்ரானைத் திறந்துவிட்டேன். மாமா, படம்! முதல் நொடியிலிருந்தே கண்ணாடி மாதிரிப் படம். வெளுக்கவில்லை, இழுக்கவில்லை, ஒரு கோடு விழவில்லை. பெட்டிக்குள் காற்றழுத்தம் காட்டும் முள் இருந்த இடத்தைவிட்டு இம்மிகூட அசையவில்லை. "பாருங்க, கேஸ் போறதே வெற்றிடத்துக்குத் தெரியல. அவ்வளவு நுணுக்கமான டிசைன்" என்று சொன்னேன். ஒரு நிபுணர், நாசிலைக் கொஞ்சம் விலக்கிக் காட்டச் சொன்னார். விலக்கினேன், படம் மாறவில்லை. இன்னும் விலக்கச் சொன்னார். பெட்டியின் மூலைக்கே கொண்டுபோய்விட்டேன், அப்போதும் மாறவில்லை! "இவ்வளவு தூரத்துலேர்ந்தும் வேலை செய்யுதா?" என்று அவர் வாய்பிளந்தார். "செய்யும் சார், காத்தோட ஓட்டத்தை அப்படி அமைச்சிருக்கேன்" என்றேன். மூன்று பேரும் கை தட்டினார்கள். இயக்குநர் என் தோளில் கைபோட்டார். பல்லை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டிப் பார்த்தோம். விரிசல் என்று ஒரு கீறல் இல்லை.

ஆகவே மாமா, இந்தக் கடிதத்தையும் படத்தையும் தாராளமாக டாக்டரிடம் நீட்டுங்கள். என் கையெழுத்து கீழே இருக்கிறது. அறிவியல் உங்கள் பக்கம். இனிமேல் பக்கத்து வீட்டுக்காரரிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போது, ஊதுவது காற்று அல்ல நைட்ரஜன் என்பதை மட்டும் திருத்திச் சொன்னால் போதும், வேறெதையும் நான் எதிர்பார்க்கவில்லை. அத்தைக்கு என் வணக்கங்களைச் சொல்லவும். உங்கள் கை எதைத் தொட்டாலும் துலங்கும் என்று உங்கள் மகள் சொல்வாள். எங்கள் இருவர்மேலும் அந்தக் கையின் ஆசி எப்போதும் இருக்கட்டும். கெட்டியான பண்டங்களை மறுபக்கமாக மெல்லவும்.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படித்த வேகத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பிவிட்டீர்கள் என்றால், தயவுசெய்து திரும்பி வந்து இதையும் படிக்கவும். அத்தை, மாமா கிளம்பிவிட்டிருந்தால் யாரையாவது விட்டு அவரைப் பிடிக்கவும்.

கடிதத்தை எழுதி உறையில் போட்டுவிட்டு, பல்லையும் கூடவே அனுப்பிவிடலாம் என்று ஆய்வகத்துக்குப் போனேன். உலோகத் தட்டிலிருந்து பெயர்த்து, மேசை விளக்கடியில் புரட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் வெள்ளை. மறுபக்கம் மஞ்சள். உங்கள் தேநீர் ஒரு பக்கமாக மட்டும் பாயுமா என்று யோசித்தேன். பிறகு விளக்கில் சாய்த்துப் பார்த்தேன். மின்னியது. மாமா, அது தேநீர் இல்லை, தங்கம்.

எதிர் அறையில் தங்கம் பூசுகிற அம்மாள் ஒருவர் இருக்கிறார். முலாம் மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஓடிப்போய்க் கேட்டேன். "ஆமா, நான்தான் பூசினேன். தட்டுல இருந்துச்சே. நல்லாப் பிடிச்சுதா?" என்றார் சந்தோஷமாக. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேடம்" என்றேன். அவர் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. "வெள்ளைத் தட்டில் வைப்பதெல்லாம் பூசுவதற்கே. அதைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்." எழுத்து என்னுடையது. முன்பு நான் அங்கே எதை வைத்தாலும் "பூசவா, பூசவா" என்று அவர் வந்து வந்து கேட்டதில் சலித்துப்போய் நானே எழுதி, நானே பசை தடவி, நானே ஒட்டியது.

சரி, பல்லுக்குத் தங்கம் பூசியிருந்தாலும் நாசில் தன்பாட்டுக்கு வேலை செய்திருக்கும் அல்லவா என்று மனசைத் தேற்றிக்கொண்டு மைக்ராஸ்கோப் அறைக்குப் போனேன். சிலிண்டர் மூடியிருந்தது. நிபுணர்கள் வருவதற்கு முந்தைய நாள் சாயங்காலம், இயக்குநர் சொன்னபடி, பொறுப்பாக நான் மூடியது. அதன்பிறகு அதை யாரும் தொடவில்லை, நானும்தான். திரையில் ஏறிய எண், நான் கேட்ட கேஸ் அளவு. வந்த அளவு இல்லை. நாசிலை மூலைக்குக் கொண்டுபோனபோதும் படம் மாறாததன் ரகசியம் அதுதான். நான் நாசிலை வீட்டுக்கே கொண்டுபோயிருந்தாலும் படம் மாறியிருக்காது. முள் ஏன் அசைய வேண்டும், பாவம்?

ஸ்டூலில் உட்கார்ந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். கை தட்டியவர்கள் தட்டிவிட்டார்கள், வேலையும் பிழைத்தது. ஆனால் என் நாசில் உண்மையில் வேலை செய்யுமா செய்யாதா என்பது அந்த நிமிடம்வரை உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் எப்படி மாமா வீட்டுக்குப் போவேன்? தங்கம் மேல்பக்கத்தில் மட்டும்தான் பூசும். ஒட்டியிருந்த அடிப்பக்கம் பூசப்படாமல் வெள்ளையாகவே இருந்தது. பல்லைப் புரட்டி, தங்கத்தைக் கீழே வைத்து ஒட்டினேன். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். திரை முழுக்க வெள்ளை, கண் கூசியது. நாசிலைக் கிட்டே கொண்டுபோனேன். எழுந்துபோய், என் கையாலேயே, சிலிண்டரைத் திறந்தேன். இந்த முறை முள் துளி அசைந்தது. திரையில் அந்த வெள்ளை மெல்ல மெல்ல அடங்கியது. அதற்குள்ளிருந்து உங்கள் பல் வெளியே வந்தது.

நம்பிக்கை வராமல் மூடினேன், வெளுத்தது. திறந்தேன், தெளிந்தது. மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் நான் போட்ட கூச்சலில் முலாம் மேடம் ஓடிவந்துவிட்டார். என் நாசில் வேலை செய்கிறது மாமா! தங்கம் இல்லாமல், ஏமாற்று இல்லாமல், நிஜமாகவே வேலை செய்கிறது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேடம் திரையைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் சரி சார், அது என்ன குறுக்கால ஓடுது?" என்றார்.

நானும் பார்த்தேன். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஓடியது.

"அது எங்க மாமனாரோட விரிசல் மேடம்" என்றேன்.

வெற்றிடத்தில் காய்ந்து இப்போதுதான் வெடித்தது என்று நீங்கள் வாதாடலாம். உங்களுக்கு முன்னால் உங்களுக்காக நானே அப்படி வாதாடிப் பார்த்தேன். ஆனால் விரிசலுக்குள் பல் காரை, வருஷக்கணக்கில் சேரும் அழுக்கு, படிந்திருக்கிறது. நேற்று வெடித்ததில் காரை படியாது. நான் முதலில் இணைத்த படத்தில் பொய் ஒன்றும் இல்லை, அது பல்லின் ஒரு பக்கம், அவ்வளவுதான். மறுபக்கத்தைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டவன் நான். டாக்டர் சொன்னது சரி. அந்தப் பல்லை எடுத்தே ஆக வேண்டியிருந்தது. என் நாசில் முதன்முதலாக உண்மையாகக் காட்டியது நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்பதைத்தான். இதில் நான் எப்படிச் சந்தோஷப்படுவது, எப்படிப் படாமல் இருப்பது என்று தெரியவில்லை.

இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர், "அப்போ அன்னைக்கு நாங்க கை தட்டினது எதுக்கு?" என்றார். "முலாம் மேடத்துக்கு சார்" என்றேன். புரட்டிப் போட்ட பல்லை அவருக்கு இயக்கிக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அந்த மூணு பேரையும் மறுபடி கூப்பிடறேன். இந்தத் தடவை தயவுசெஞ்சு கேஸைத் திறந்துட்டுக் காட்டுங்க" என்றார். ஆக, என் வேலை இன்னும் பிழைக்கவில்லை. பிழைக்க இடம் இருக்கிறது. அதற்கு உங்கள் பல் இன்னும் கொஞ்ச நாள் என்னிடமே இருக்க வேண்டும். அந்த விரிசல்போல நாசிலின் திறமையைக் காட்டும் பொருள் வேறு கிடைக்காது. ஒரு பக்கம் தங்கம், ஒரு பக்கம் விரிசல் என்று ஆகிவிட்ட பல்லை இனி நீங்கள் வேறெதற்கும் பயன்படுத்தவும் முடியாது.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்கள் மகள் விடவில்லை. "கிழிக்காதீங்க. மேல எழுதினதும் இருக்கட்டும், கீழ எழுதினதும் இருக்கட்டும். அப்பாவுக்கு உங்களைப் பத்தி முழுசாத் தெரியட்டும்" என்றாள். பிறகு அத்தையோடு பேசினோம். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார், அதனால் எழுதுகிறேன். "அவரு ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன. இப்பல்லாம் காலைல நடந்துட்டு வந்து குழாய் கூடச் சண்டை போடறாரு, கதவு கூடச் சண்டை போடறாரு. பேச்சுத் துணைக்கு அந்த மனுஷன் வந்துட்டாருன்னா இந்த வீடு உருப்படும்" என்றார். மாமா, நான் மூன்று நிபுணர்கள் எதிரில் மூடிய சிலிண்டரை வைத்துக்கொண்டு காற்றோட்டத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தவன். அவர்களிடமே போய், தப்பு என்னுடையது என்று சொல்லப்போகிறேன். நான் செய்யும்போது உங்களுக்கு மட்டும் என்ன கஷ்டம்?

அதனால் அடுத்த முறை காட்டும் நாளில் நீங்கள் நேரில் வர வேண்டும். டாக்டரையும் அழைத்து வாருங்கள், ஒரே வண்டியில் வாருங்கள். அவருக்கு அவர் கண்டுபிடித்த விரிசலைக் காட்டுகிறேன், உங்களுக்கு என் நாசிலைக் காட்டுகிறேன். வாசலில் என்னைப் பார்த்ததும் நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேட்டுவிடுங்கள்: "சிலிண்டரைத் திறந்துட்டீங்களா மாப்பிள்ளை?"